லேபுக்குள் மிரர் வைக்கப் போய் நான் பட்ட பாடு

மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் சிஸ்டம் அட்மின். பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், செமினார் ஹாலில் மைக் வேலை செய்யாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு லேப், மொத்தம் 66 கணினி, எல்லாவற்றிலும் லினக்ஸ். வெளியே போக 100 எம்பிபிஎஸ் லைன் ஒன்று, அதை ஆபீஸும் நாங்களும் பங்குபோட்டுக்கொள்கிறோம். காலை 9.30-க்கு லேப் தொடங்கி, 33 பேரும் ஒரே நேரத்தில் ஏதோ ஒரு மென்பொருள் பேக்கேஜை நிறுவ ஆரம்பித்தால் ஆபீஸில் ஃபீஸ் கட்டும் பக்கம் திறக்காது. உடனே எங்கள் ஹெச்ஓடி மேடம் போனில் வருவார். "ஏம்ப்பா, ஆபீஸ்ல நெட்டு இல்லைன்னு கத்துறாங்க, நீ ஏதாவது பண்ணுனியா?" இந்தக் கேள்விக்கு இரண்டு வருஷம் பதில் சொல்லிச் சலித்துப் போய்த்தான், 2023 செப்டம்பரில் அந்த முடிவை எடுத்தேன். கல்லூரிக்குள்ளேயே ஒரு மிரர், அதாவது வெளியே இருக்கும் பேக்கேஜ் கிடங்கின் நகல், வைத்துவிடுவது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, சென்ட்ஓஎஸ், ஆர்ச் என்று ஐந்து லினக்ஸ் வகைக்கும்.

ஐந்து எதற்கு என்று இப்போது கேட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒரு லேபில் டெபியன் 12, இன்னொன்றில் உபுண்டு 22.04. ஈசிஇ துறையின் சிப் டிசைன் மென்பொருள் சென்ட்ஓஎஸ் 7-இல் மட்டும் ஒழுங்காக ஓடும், ஆகவே அவர்கள் சர்வர் அது. இந்த மூன்றுக்கும் காரணம் இருந்தது. ஃபெடோராவைச் சேர்த்தது ஒரே ஒரு மாணவனுக்காக. ஆர்ச் வைத்திருந்தவர்கள் ஆறேழு பேர், ஆனால் சத்தம் அறுபது பேருக்கு. எல்லாருக்கும் செய்து கொடுத்துவிடலாம் என்ற ஆசைதான். ஆசைப்பட்டதில் தப்பில்லை, எத்தனை கணினிக்கு எத்தனை பேக்கேஜ் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் ஆரம்பித்ததுதான் தப்பு.

பழைய ஐ5 கணினி ஒன்று சும்மா கிடந்தது. வட்டு வாங்கக் கல்லூரியில் மூன்று கொட்டேஷன், கமிட்டி, கையெழுத்து என்று இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். பொறுமையில்லாமல் என் கைக்காசில் இரண்டு 2 டிபி வட்டு வாங்கினேன், 10,400 ரூபாய். ‘அப்புறம் பில் கொடுத்து வாங்கிக்கலாம்’ என்று வீட்டில் சொன்னேன். இரண்டையும் ரெயிட் 1 ஆகக் கட்டினேன், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்குமே என்று. பிறகுதான் உறைத்தது: மிரரில் இருப்பதெல்லாம் உலகத்தில் நூறு இடத்தில் இருக்கும் நகல். வட்டு செத்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அந்த இரண்டாவது வட்டை வேறு உருப்படியான வேலைக்கு வைத்திருக்கலாம்.

முதல் அடி வட்டை ஃபார்மட் செய்யும்போதே விழுந்தது, ஆனால் வலி ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. எக்ஸ்ட்4 என்ற ஃபைல் அமைப்பு சாதாரணமாக ஒவ்வொரு 16 கேபி-க்கும் ஒரு ஐநோடு ஒதுக்கும்; ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு வேண்டும். 2 டிபி வட்டில் அது 12 கோடி ஐநோடு, அந்தப் பட்டியலுக்கே 30 ஜிபி போய்விடும். பேக்கேஜ் எல்லாம் பெரிய ஃபைல்தானே, எதற்கு 30 ஜிபி வீண் என்று ‘லார்ஜ்ஃபைல்4’ வகையைக் கொடுத்து ஃபார்மட் செய்தேன். அதில் 4 எம்பி-க்கு ஒரு ஐநோடு. மொத்தமே 4 லட்சத்து 77 ஆயிரம். எனக்கு அன்றைக்கு அது பெரிய எண்ணாகத் தெரிந்தது.

பகலில் லைனைத் தொட முடியாது, இரவு 8 முதல் காலை 7 வரைதான். 100 எம்பிபிஎஸ் லைன் முழுதாகக் கிடைத்தாலே 1 டிபி இறங்க 22 மணி நேரம் ஆகும் என்பது எளிய கணக்கு. நடைமுறையில் முழுதாகக் கிடைக்காது, எதிர்முனை சர்வரும் நமக்காக மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு வாரம் இரவு இரவாக ஓடியது. எட்டாம் நாள் காலையில் வந்து பார்த்தால், வட்டில் இடம் இல்லை என்று லாக் முழுக்கப் பிழை. வட்டில் எவ்வளவு இடம் என்று காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன்: 1.2 டிபி நிரம்பியிருக்கிறது, மீதி காலி. திரும்பத் திரும்பப் பார்த்தேன். வட்டில் கோளாறு என்று நினைத்துக் கடைக்காரரிடம் போனில் சண்டைகூடப் போட்டேன், பாவம் அவர். மதியம் வேறெதையோ தேடும்போதுதான் ‘டிஎஃப் -ஐ’ என்று ஒன்று இருப்பது கண்ணில் பட்டது. ஐநோடு 100 சதவீதமும் தீர்ந்திருந்தது. அதாவது வீட்டில் அறைகள் திறந்து கிடக்கின்றன, சாவிக் கொத்தில் சாவி தீர்ந்துவிட்டது.

இவ்வளவு ஃபைல் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி டெபியன். டெபியனில் ‘டிஸ்ட்ஸ்’ என்ற அடைவில் ஒவ்வொரு பதிப்பின் பட்டியலும், ‘பூல்’ என்ற அடைவில் பேக்கேஜ்களும் இருக்கும். பூலில் பழைய ஸ்டேபிள், ஸ்டேபிள் என்ற நிலையான பதிப்புகளும், டெஸ்டிங், சிட் என்ற இன்னும் தயாராகாத பதிப்புகளும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும். எனக்கு ஸ்டேபிள் மட்டும் போதும் என்று, நான் நகலெடுக்க வைத்திருந்த ஆர்சிங் என்ற கருவியிடம் சொல்ல வழியில்லை, ஏனென்றால் ஃபைல் பெயரை வைத்து அதைப் பிரிக்க முடியாது. அதற்கு டெப்மிரர் என்ற கருவி இருக்கிறது. அது பட்டியலைப் படித்து, வேண்டிய பதிப்புக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும். நான் பழகிய ஆர்சிங்கை விடாமல் பிடித்துக்கொண்டதில் யாருமே தொடப்போகாத டெஸ்டிங்கும் சிட்டும் வந்து குவிந்தன. உபுண்டுவுக்கு ஆப்ட்-மிரர் என்ற கருவியை வைத்தேன், அங்கே இன்னொரு முட்டாள்தனம்: எங்கிருந்து எதை எடுப்பது என்று சொல்லும் என் கணினியின் சோர்ஸ் பட்டியலை அப்படியே ஒட்டினேன், அதில் மூலநிரலுக்கான வரிகளும் இருந்தன. அதுவும் நூறு ஜிபி கணக்கில் வந்து இறங்கியது. லேபில் ஒரு மாணவன்கூட இன்றுவரை அதிலிருந்து ஒன்றை எடுத்ததில்லை.

எக்ஸ்ட்4-இல் ஃபார்மட் செய்தபின் அதே அளவு வட்டில் ஐநோடைக் கூட்ட முடியாது. மறுபடி ஃபார்மட்தான். இதை எழுதும்போது தோன்றுகிறது, ரெயிடைப் பிரித்து ஒரு வட்டில் இருப்பதை வைத்துக்கொண்டு இன்னொன்றைப் புதிதாக ஃபார்மட் செய்து நகலெடுத்திருக்கலாம். அன்றைக்குக் கோபத்தில் இரண்டையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். நீங்கள் வைப்பதாக இருந்தால் எக்ஸ்எஃப்எஸ் போடுங்கள், அது ஐநோடைத் தேவைக்கேற்ப ஒதுக்கிக்கொள்ளும். இல்லையா, எக்ஸ்ட்4-ஐ எந்த ‘புத்திசாலித்தனமும்’ இல்லாமல் அதன் இயல்பான அமைப்பிலேயே விடுங்கள். 30 ஜிபி மிச்சம் பிடிக்கப் போய் நான் 1.2 டிபி-ஐத் திரும்ப இறக்கினேன்.

திரும்ப இறக்கியதில் இன்னொன்று மாட்டியது. எங்கள் லைனுக்கு மாதம் 3.3 டிபி வரைதான் முழு வேகம். முதல் சுற்றில் 1.2, இரண்டாம் சுற்றில் 1.5, ஆபீஸ் பயன்பாடு தனி. 26-ஆம் தேதி காலையில் வேகம் அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. செமஸ்டர் ஃபீஸுக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரின்சிபால் அறைக்கு வெளியே நாற்காலியில் இருபது நிமிடம் உட்கார வைத்தார்கள், உள்ளே கூப்பிட்டுப் பேசியது இரண்டே நிமிடம். டாப்-அப்புக்கு ஆன 2,360 ரூபாய் என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. நெட்டு சரியாக வேண்டும் என்று ஆரம்பித்தவன்தான் நெட்டை நிறுத்தினான் என்று ஆபீஸ் முழுக்க ஒரு மாதம் பேச்சு. ஆரம்பிப்பதற்கு முன் உங்கள் லைனின் மாத வரம்பு என்ன என்று கணக்குக் கிளையில் இருக்கும் பில்லைப் பாருங்கள். முடிந்தால் முதல் நகலை வட்டோடு எடுத்துக்கொண்டு போய், நல்ல லைன் இருக்கும் நண்பரின் அலுவலகத்தில் இறக்கிக்கொண்டு வாருங்கள். அன்றாட மாற்றங்களை மட்டும் உங்கள் லைனில் எடுக்கலாம். ஆர்சிங்குக்கு வேக வரம்பு வைக்கும் ஆப்ஷன் இருக்கிறது, அதை முதல் நாளே போடுங்கள்.

அக்டோபர் கடைசியில் எல்லாம் ஓட ஆரம்பித்தது. அந்த ஒரு மாதம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பேக்கேஜ் நிறுவும் ஆப்ட் கட்டளை நொடியில் முடிகிறது, போன் வருவதில்லை. ஐநோடு அடி நினைவில் இருந்ததால் ஒரு காரியம் செய்திருந்தேன்: டிஸ்ட்ஸ் அடைவுக்குள் ‘பை-ஹேஷ்’ என்று ஒரு துணை அடைவு, அதே பட்டியல்கள் வேறு பெயரில் இருக்கின்றன, இரட்டிப்பு எதற்கு என்று அதை ஒதுக்கிவிட்டேன். அவ்வப்போது ‘ஹேஷ் சம் மிஸ்மேட்ச்’, அதாவது ஃபைலின் சரிபார்ப்பு எண்ணான ஹேஷ் பொருந்தவில்லை, என்று யாராவது கையைத் தூக்குவார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் போடு என்பேன், சரியாகிவிடும். பை-ஹேஷ் இருப்பதே அதற்காகத்தான் என்று பிற்பாடு தெரிந்தது. மிரர் பாதி மாறியிருக்கும் நேரத்தில் ஒரு கணினி வந்தால், அது கையில் வைத்திருக்கும், பட்டியல்களின் ஹேஷைச் சொல்லும் பழைய ரிலீஸ் ஃபைலுக்குப் பொருந்தும் பழைய பட்டியல் அங்கே இன்னும் இருக்கும். தயவுசெய்து அதை ஒதுக்காதீர்கள்.

2023 டிசம்பர் 11, திங்கட்கிழமை. கம்பைலர் டிசைன் ப்ராக்டிகல். ஐந்தாம் செமஸ்டர் பிள்ளைகள், 10 மணிக்குப் பரீட்சை, வெளியிலிருந்து எக்ஸாமினர் வருகிறார். அதற்கு முந்தைய வாரம்தான் லேப் முழுக்க டெபியனைப் புதிதாக நிறுவியிருந்தேன், குறைந்தபட்ச நிறுவல். காலை 8.30-க்கு வந்து 33 கணினியிலும் பரீட்சைக்கு வேண்டிய பில்டு-எசென்ஷியல், ஃப்ளெக்ஸ், பைசன் மூன்று பேக்கேஜையும் ஒரே கட்டளையில் தள்ளிவிடலாம் என்பது திட்டம். பரீட்சை நாளில் லேபுக்கு வெளி இணையம் கிடையாது, உள்ளே இருக்கும் மிரர் மட்டும்தான். அதைப் பெருமையாக ஹெச்ஓடி மேடத்திடம் முந்தைய நாள் சொல்லியும் வைத்திருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் டெபியனில் என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. டிசம்பர் 9 அன்று 12.3 வருவதாக இருந்தது. அதோடு வந்த கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) எக்ஸ்ட்4 தரவைக் கெடுக்கும் பிழை இருப்பது தெரிந்து நிறுத்திவிட்டார்கள். கெர்னலைத் திருத்தி, ஞாயிறு 10-ஆம் தேதி 12.4 என்று வெளியிட்டார்கள். இப்படி ஒரு பாயிண்ட் ரிலீஸ் வரும்போது வழக்கத்தைவிட ஏராளமான பேக்கேஜ் ஒரே மூச்சில் மாறும். குறித்த நேரத்தில் தானாக வேலையைக் கிளப்பும் என் கிரான் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. மாலை 6 மணிக்குத் தொடங்கிய ஆர்சிங் வேக வரம்போடு நள்ளிரவு தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. 12 மணிக்கு அடுத்தது அதன் மேலேயே கிளம்பியது. புதியது புதுப் பட்டியலையும் புதுப் பேக்கேஜையும் கொண்டுவந்து வைத்தது. பழையது தன் வேலையை முடித்துவிட்டு, தான் மாலையில் எடுத்த கணக்கில் இல்லாத ஃபைலையெல்லாம் ‘டிலீட்’ ஆப்ஷன்படி துடைத்தது. எதையெல்லாம்? இப்போதுதான் வந்து இறங்கிய புதுப் பேக்கேஜ்களை.

ஆக, பட்டியல் புதிது, பேக்கேஜ் இல்லை. பில்டு-எசென்ஷியலுக்கு சி லைப்ரரியின் டெவலப்மென்ட் பேக்கேஜ் வேண்டும், அதற்கு லினக்ஸ்-லிப்சி-டெவ் வேண்டும், அது கெர்னல் மூலத்திலிருந்து உருவாவது. கெர்னல் மாறியதால் அதன் எண்ணும் மாறியிருந்தது. பட்டியலில் 6.1.66 இருக்கிறது, பூலில் இல்லை. 33 திரையிலும் 404, ஃபைல் கிடைக்கவில்லை என்ற பிழை. மணி 8.50. என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. லேப் அசிஸ்டென்ட் அண்ணா, "தம்பி, நீங்க வேலையப் பாருங்க, வெளிய நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எக்ஸாமினரைக் காபி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மனிதருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். என் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரே ஒரு கணினியை இணைத்து வெளியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். இறக்கியதைச் சேமித்து வைக்கும் ஆப்ட்டின் கேஷ் அடைவில் விழுந்த பேக்கேஜ்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, அவசரத்துக்கு அதையே ஒரு சின்ன ரெபோவாக (பேக்கேஜ் கிடங்கு) ஆக்கி, கையெழுத்துச் சரிபார்க்காதே என்பதற்கு ‘டிரஸ்டட்=எஸ்’ போட்டு, எல்லாக் கணினிக்கும் தள்ளினேன். பரீட்சை 50 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. எக்ஸாமினர் நல்லவர், ரிப்போர்ட்டில் எதுவும் எழுதவில்லை.

அன்று மாலை உட்கார்ந்து படித்ததில் தெரிந்தது, இதெல்லாம் மிரர் நடத்துபவர்களுக்குப் பழைய கதை. டெபியன் மிரரை இரண்டு கட்டமாகத்தான் ஒத்திசைக்க வேண்டும்: முதலில் பூலை மட்டும், எதையும் அழிக்காமல். அடுத்து டிஸ்ட்ஸை, அதன் கடைசியில்தான் அழிப்பு. அப்படிச் செய்தால் பட்டியல் சொல்லும் பேக்கேஜ் எப்போதும் வட்டில் இருக்கும். டெபியன்காரர்களே இதற்கென்று ‘எஃப்டிபிசிங்க்’ என்ற ஸ்கிரிப்டை எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நீளமா என்று ஒதுக்கி, நாலு வரியில் சொந்தமாக எழுதியவன். அந்த நீளத்தின் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவரின் டிசம்பர் 11 என்று இப்போது புரிகிறது. அதோடு, ஒன்றின் மேல் ஒன்று ஓடாமல் இருக்க எஃப்லாக் என்ற கட்டளை கொண்டு பூட்டுப் போட வேண்டும். கிரானை மணி அடித்தாற்போல் 0-ஆம் நிமிடத்தில் வைக்காமல் 17, 43 என்று ஏதாவது வைக்க வேண்டும், உலகமே 0-ஆம் நிமிடத்தில்தான் வந்து கதவைத் தட்டும். மேலும், பரீட்சைக்கு முந்தைய நாள் ஒத்திசைவையே நிறுத்திவிட வேண்டும். கடைசியாக நன்றாக இருந்த நிலையில் அப்படியே உறைய வையுங்கள். இதைப் படிக்கும் லேப்காரர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பூட்டு போட்டேன். பூட்டுதான் அடுத்து என்னை மாட்டிவிட்டது.

2024 மார்ச் 29, புனித வெள்ளி விடுமுறை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்ஹெச்சின் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவிக்கொண்டு போய், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்வாசல் வைத்திருப்பதைக் கண்டுபிடித்து அறிவித்தார். மறுநாள் எங்கள் ஆர்ச் பையன்களின் டெலிகிராம் குழுவில் ஒரே பரபரப்பு. உடனே அப்டேட் செய்யுங்கள், 5.6.1-1 இருந்தால் 5.6.1-2-க்குப் போங்கள் என்று ஆர்ச் சொல்லிவிட்டது. ஒரு மூன்றாம் ஆண்டு மாணவன் எனக்குத் தனியாக அனுப்பினான்: "சார், நம்ம மிரர்ல அப்டேட் ஒண்ணுமே இல்லைன்னு வருது சார்." நான் வீட்டிலிருந்து உள்ளே போய்ப் பார்த்தேன். ஆர்ச் மிரர் மார்ச் 20-இலிருந்து அப்படியே நிற்கிறது. பத்து நாளுக்கு முன் ஓடிய ஆர்சிங், எதிர்முனையிலிருந்து பதில் வராமல் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ‘டைம்அவுட்’ ஆப்ஷன் நான் கொடுக்கவில்லை. அது பூட்டைக் கையில் வைத்திருந்ததால், அதற்குப் பின் கிளம்பிய ஒவ்வொன்றும் ‘ஏற்கெனவே ஒருவன் ஓடுகிறான்’ என்று சத்தமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறது. பின்வாசல் வைத்த பேக்கேஜை நான் பத்து நாளாக அக்கறையாகப் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆர்ச்சில் எஸ்எஸ்ஹெச் சர்வர் நேரடியாக எக்ஸ்இசட்டின் லைப்ரரியோடு இணைவதில்லை என்பதால் அந்தத் தாக்குதல் வழி அங்கே பொருந்தவில்லை. அது என் புண்ணியம் இல்லை. அன்று இரவு வயிற்றைப் பிசைந்தது. மிரர் செத்துப்போனால் பரவாயில்லை, யாராவது சொல்லிவிடுவார்கள். உயிரோடு இருப்பது போல் நின்றுவிட்டால்தான் ஆபத்து. டெபியனில் செக்யூரிட்டி ரிலீஸ் ஃபைலுக்குக் காலாவதித் தேதி உண்டு, ஒரு வாரம் பழசானால் ஆப்ட்டே காலாவதி என்று மறுத்துவிடும். ஆர்ச்சில் ஆப்ட்டின் இடத்தில் இருக்கும் பாக்மேன் அப்படி எதுவும் கேட்காது, பழசைப் பார்த்து ‘செய்ய ஒன்றுமில்லை’ என்று நிம்மதியாகச் சொல்லும்.

ஸ்கிரிப்ட் தோற்றால் எனக்கு மெயில் வர ஏற்பாடு செய்துதான் இருந்தேன். அது தோற்கவே இல்லையே, தொங்கத்தானே செய்தது. அதனால் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன்: கடைசியாக வெற்றிகரமாக முடிந்தது எப்போது? ஆர்ச் மிரரில் ‘லாஸ்ட்சிங்க்’, ‘லாஸ்ட்அப்டேட்’ என்று இரண்டு சின்ன ஃபைல்கள் இருக்கும், டெபியனில் ‘ட்ரேஸ்’ என்ற அடைவில் நேரம் பதிந்திருக்கும். மிரரில் இல்லாத வேறொரு கணினியிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் அதைப் படித்து, 24 மணி நேரத்துக்கு மேல் பழசாக இருந்தால் என் டெலிகிராமுக்குச் செய்தி அனுப்பும். ஆர்ச்சின் லாஸ்ட்அப்டேட் இன்னொன்றுக்கும் உதவும். முதலில் அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்துப் பாருங்கள், மாறவில்லை என்றால் முழு ஆர்சிங் தேவையில்லை. தன்னார்வலர்கள் நடத்தும் சர்வரைச் சும்மா தொல்லை செய்யாமல் இருப்பதும் ஒரு மரியாதை.

எக்ஸ்இசட் கலவரத்தில் ஒரு மாணவி கேட்டாள், "சார், உங்க மிரர்ல யாராவது போலி பேக்கேஜ் வெச்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?" நான் பெருமையாக விளக்கினேன்: ரிலீஸ் ஃபைலில் டெபியனின் கையெழுத்து இருக்கிறது, அதில் பட்டியலின் ஹேஷ், பட்டியலில் பேக்கேஜின் ஹேஷ், நான் ஒரு பைட்டை மாற்றினாலும் உன் கணினி மறுத்துவிடும் என்று. சொல்லிக்கொண்டே லேப் கணினியில் காட்டுவதற்காக அமைப்பைத் திறந்தால், டிசம்பரில் நான் போட்ட ‘டிரஸ்டட்=எஸ்’ ரெபோ 33 கணினியிலும் அப்படியே உட்கார்ந்திருந்தது. நாலு மாதம். அவள் எதுவும் சொல்லவில்லை, சிரித்தாள்.

ஃபெடோராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே ஒரே ஃபைல் பல இடத்தில் ஹார்ட்லிங்க்காக (ஒரே ஃபைலுக்குப் பல பெயர்) இருக்கும், ஆர்சிங்கில் பெரிய ‘ஹெச்’ ஆப்ஷன் கொடுக்காவிட்டால் தனித்தனி நகலாக வந்து வட்டை விழுங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வேறு. அந்த ஒரு மாணவன் உபுண்டுவுக்கு மாறிய அன்றே எடுத்துவிட்டேன்.

கடைசி அடி சென்ட்ஓஎஸ் 7. 2024 ஜூன் 30-உடன் அதன் ஆயுள் முடிகிறது என்பது எனக்குத் தெரியும், நாட்காட்டியில் வட்டம்கூடப் போட்டிருந்தேன். முடிந்தால் அப்டேட் வராது, அவ்வளவுதானே, இருப்பது இருக்கும் என்று நினைத்தேன். ஜூலையில் ஈசிஇ துறையின் சர்வரில் வட்டு போய், திரும்ப நிறுவ வேண்டியிருந்தது. மிரரைத் திறந்தால் ‘7’ என்ற அடைவு காலி. நான் எடுத்துக்கொண்டிருந்த மேல் மிரரில் அதைக் காலி செய்திருக்கிறார்கள், என் ஆர்சிங் விசுவாசமாக இங்கேயும் காலி செய்துவிட்டது. ஆயுள் முடிந்த பதிப்புகள் எல்லாம் சென்ட்ஓஎஸ் வால்ட் என்ற கிடங்குக்குப் போய்விடும், அங்கிருந்து மறுபடி இறக்கினேன். இரண்டு நாள் போனது. மேலே ஏதாவது பிசகினால் கீழேயும் மொத்தமாக அழியும் என்பது ஆர்சிங்கின் குணம். அதற்கு ‘மேக்ஸ்-டிலீட்’ என்று ஒரு வரம்பு வைக்கலாம். இத்தனை ஃபைலுக்கு மேல் அழிக்க வந்தால் அதோடு நிறுத்து என்று. ஆயுள் முடியப்போகும் பதிப்பை ஒரு மாதம் முன்பே தனி அடைவுக்கு நகர்த்தி, ஒத்திசைவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அந்த ஜூலையில்தான் சலிப்பில் ஒரு வேலை செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. மிரரைப் பரிமாறும் என்ஜின்எக்ஸ் சர்வரின் லாகை எடுத்து, இத்தனை மாதத்தில் மிரரிலிருந்து உண்மையில் எந்தெந்த ஃபைல் ஒரு முறையாவது வெளியே போயிருக்கிறது என்று எண்ணினேன். நாலாயிரத்துச் சொச்சம் ஃபைல். மொத்த அளவு 31 ஜிபி. 31 ஜிபி-ஐப் பரிமாற நான் 2.7 டிபி இறக்கி, ஒரு லைனை முடக்கி, ஒரு பரீட்சையைத் தாமதப்படுத்தியிருக்கிறேன்.

66 கணினிக்கு மிரர் தேவையே இல்லை, கேஷ் போதும். ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற ஒன்றை நிறுவ பத்து நிமிடம், 3142 என்ற போர்ட்டில் உட்காரும். முதலில் கேட்கும் கணினிக்காக வெளியிலிருந்து எடுக்கும், அடுத்த 32 பேருக்குத் தன் கையிலிருந்து கொடுக்கும். பட்டியல் பழசாகும் பிரச்சினை இல்லை, ஏனென்றால் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று அது வெளியே கேட்டுக்கொள்ளும். குறை உண்டு: ஹெச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்கும் ரெபோக்களை அது சாதாரணமாகச் சேமிக்காது, வெளி இணையம் இல்லாத நாளில் முன்பு யாரும் கேட்காத பேக்கேஜ் கிடைக்காது. பரீட்சைக்கு முன் ஒரு கணினியில் எல்லாவற்றையும் ஒரு முறை நிறுவிப் பார்த்துவிட்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது. மடிக்கணினி மாணவர்கள் இன்னொரு தலைவலி. கல்லூரி முகவரியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால் ஆப்ட் நின்றுவிடும், ராத்திரி 11 மணிக்கு எனக்குப் போன் வரும். ஆப்ட்டில் ப்ராக்ஸியைத் தானாகக் கண்டறியும் அமைப்பு ஒன்று இருக்கிறது. கேஷ் எட்டினால் அதன் வழி, எட்டாவிட்டால் நேராக வெளியே போகும்படி ஐந்து வரி ஸ்கிரிப்ட் கொடுத்தபின் அந்தப் போன் நின்றது.

இப்போது டெபியன் ஸ்டேபிள் மட்டும், ஒரே பிராசஸர் கட்டமைப்புக்கு, டெப்மிரர் வழியாக முழு மிரராக வைத்திருக்கிறேன், பரீட்சைகளுக்காக. மற்றவை கேஷில். இரண்டாவது வட்டைக் கழற்றி லேப் கணினிகளின் பேக்கப்புக்குக் கொடுத்துவிட்டேன். 10,400 ரூபாயைத் திரும்பக் கேட்டு நான் எழுதிய கடிதம் ஒன்றரை வருஷம் சுற்றி, 2025 மார்ச்சில் கணக்குக் கிளையிலிருந்து கூப்பிட்டார்கள். "சார், சாங்ஷன் ஆயிடுச்சு, ஒரிஜினல் பில் மட்டும் கொண்டு வாங்க." ஃபைலைத் திறந்து எடுத்தேன். கடைக்காரர் கொடுத்தது வெப்பத்தாள் பில், எழுத்தெல்லாம் மறைந்து வெறும் வெள்ளைத்தாளாக இருந்தது. சண்டை போட்ட அதே கடைக்காரரிடமே போய் நின்றிருக்கிறேன், டூப்ளிகேட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.